பட்டுன்னு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?

ஓடுகிற பைக் நடுரோட்டில் ஏன் ஆஃப் ஆகிறது? புதுப்பேட்டை மெக்கானிக் ஷெட்டுக்குள் ஒரு ரவுண்டு!

சாவி ஆனில் இருக்கிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. கை ஆக்ஸிலரேட்டரை முறுக்கியபடியே இருக்கிறது. என்ஜின் சத்தம் மட்டும் காணோம்! பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டுகிறோம். உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். டீ குடித்துவிட்டு வந்து ஓர் உதை விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. நேராக மெக்கானிக்கிடம் போய் நின்றால், அவர் முன்னால் அருமையாக ஓடுகிறது.

பைக்கில் வருகிற கோளாறுகளிலேயே பொல்லாதது இதுதான். தேடும்போது இருக்காது, தேடாதபோது வந்து நிற்கும். இதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? பக்கத்தில் நின்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அது நிறைவேறிய இடம், சென்னை புதுப்பேட்டையில் உள்ள ஓர் இருசக்கர வாகனப் பட்டறை.

புதுப்பேட்டையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கழற்றிய பெட்ரோல் டேங்குகள் ஒரு கடையில் தொங்கும், அடுத்த கடையில் சைலன்ஸர்கள் அடுக்கியிருக்கும், அதற்கடுத்த கடையில் இன்ன வண்டி என்று பெயர் சொல்ல முடியாத என்ஜின் பாகங்கள் குவிந்து கிடக்கும். அந்தச் சந்தடிக்கு நடுவே மூன்று வண்டிகள் நிற்கும் அளவுக்கு ஒரு ஷெட். உள்ளே கிரீஸ் வாசனை, சுவரில் வரிசையாக ரிங் ஸ்பேனர்கள், மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். ஷெட்டை நடத்துகிற அண்ணன், பொறிக்குப் பாயின்ட் செட் வைத்த புல்லட் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். கூடவே, ஐடிஐ முடித்துவிட்டு வந்த துறுதுறுப்பான ஓர் உதவியாளர்.

"நோட்டெல்லாம் உள்ள வைங்க. முதல்ல காதைத் தீட்டுங்க" என்று வரவேற்றார் அண்ணன். அப்புறம் நடந்ததெல்லாம் அதிசயம்!

முதல் கருவி, கேள்வி!

முதல் ஆள், உணவு டெலிவரி செய்யும் இளைஞர். வண்டி, கார்ப்பரேட்டர் வைத்த பழைய 110 சிசி. ஏற்கெனவே வேறு இடங்களில் பிளக் மாற்றி, கார்ப்பரேட்டர் கழுவி, பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ யூனிட்டையும் மாற்றியாகிவிட்டது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

"அண்ணே, வண்டி ஆஃப் ஆகுதுண்ணே."

ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அண்ணன்.

"எப்படிப்பா நின்னுச்சு? சாவியைத் திருப்பின மாதிரி பட்டுன்னா, இல்ல இழுத்து இழுத்தா?"

"பட்டுன்னுதான்ணே."

"நிக்கறதுக்கு முன்னாடி மிஸ்ஸிங் அடிச்சுதா?"

"இல்லண்ணே."

"நின்னப்போ ஹாரன் அடிச்சுப் பார்த்தியா?"

"அடிச்சுதுண்ணே. இண்டிகேட்டரும் எரிஞ்சுது."

"எவ்ளோ தூரம் ஓட்டினா நிக்குது? திரும்ப எடுக்க எவ்ளோ நேரம் ஆகுது?"

"அரை மணி நேரம் விடாம ஓட்டினா நிக்கும்ணே. கால் மணி நேரம் விட்டா எடுத்துடும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. பாதி வேலை முடிந்துவிட்டதாம்!

எப்படி? பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி உடனே நிற்காது. கார்ப்பரேட்டருக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் குடித்து, இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து, திக்கித் திணறித்தான் அணையும். கரண்ட் போய் நிற்கிற வண்டிக்கு அந்த அவகாசமே கிடையாது. பொறி நின்ற அந்த நொடியே என்ஜினும் நிற்கும். ஆக, 'பட்டுன்னு' என்ற ஒரு வார்த்தை பெட்ரோல் பக்கத்தைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டது. ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்தன என்றால், பேட்டரி டெர்மினலும் மெயின் ஃபியூஸும் தப்பித்தன. வண்டி சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்பது கடைசித் துப்பு. கரண்ட் பக்கத்தில், சூடு பட்டால் மக்கர் செய்கிற ஏதோ ஒன்று!

"மத்தவங்க மாத்தினது தப்பில்ல சார். மாத்தறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்" என்றார் அண்ணன்.

நிற்கும்வரை ஓட்டு!

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். நிற்காத வண்டியைச் சோதித்து என்ன பயன்? நிற்கும்வரை ஓட்ட வேண்டும்! அண்ணன் முன்னால், நான் பில்லியனில். சட்டைப் பையில் அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள்: பனியன் வேஸ்ட்டில் சுற்றிய பழைய ஸ்பார்க் பிளக்.

எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று சுற்றினோம். வெயில் நல்ல உச்சியில். 'நில்லு, நில்லு' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே ஒரு பைக்கில் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை! சிக்னல் தாண்டி வேகமெடுக்கும்போது, அந்த இளைஞர் சொன்ன மாதிரியே, பட்! மௌனம். கிளட்சைப் பிடித்து, இடது இண்டிகேட்டரைப் போட்டு, இருந்த வேகத்திலேயே வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தார் அண்ணன்.

"இப்போ பாருங்க. ஆறிடறதுக்குள்ள முடிக்கணும்."

பிளக் கேப்பை இழுத்தார். என்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்றவே இல்லை. பையில் இருந்த பிளக்கை எடுத்துக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பை என்ஜின் இதழ்களில் அழுத்தி வைத்தார். கேப்பின் ரப்பரை மட்டும்தான் கை பிடித்திருக்கிறது. "உதைங்க சார்!" உதைத்தேன். பிளக் முனையில் பொறியே இல்லை. மறுபடி உதைத்தேன். சுத்தமாக இல்லை.

என்ஜின் பிளக்கை ஏன் கழற்றவில்லை? கழற்றினால் அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே பீறிடும். பக்கத்திலேயே பொறி தட்டினால் தீப்பிடிக்கலாம். பையில் ஓர் உபரி பிளக் இருந்தால் அந்த ஆபத்தே இல்லை. என்ன எளிமையான ஏற்பாடு!

பொறி பார்த்த பிறகே பெட்ரோல் பார்த்தார். கார்ப்பரேட்டரின் அடி ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்த, சின்ன பாட்டிலில் பெட்ரோல் தாராளமாக இறங்கியது. இந்த வரிசையை மாற்றவே கூடாதாம். பெட்ரோலைச் சிந்திவிட்டு அதன் பக்கத்தில் யாராவது பொறி பார்ப்பார்களா?

ஸ்குரூவை முடுக்கி, பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, கால் மணி நேரம் நிழலில் காத்திருந்தோம். மறுபடி அதே பிளக், அதே இதழ், அதே உதை. டிக், டிக் என்று நீலப் பொறி! இருவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம்.

மீட்டரில் மாட்டிக்கொண்டது!

ஷெட்டுக்குத் திரும்பினோம். ஒரு பொறி பிறக்க எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் இனிமேல் பிளக்கைக் கும்பிடத் தோன்றும். பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக் முனையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைத் தாண்டப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். அந்த ஏற்றத்தைத் தருவது சிடிஐயும் இக்னிஷன் காயிலும். 'இப்போ அடி' என்று சரியான நேரத்தைச் சொல்வது பல்சர் காயில். என்ஜினின் பக்க மூடிக்குள், சுற்றுகிற ரோட்டருக்கு அருகே அது உட்கார்ந்திருக்கும். ரோட்டரில் உள்ள சின்ன மேடு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பை அனுப்பும்.

நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் என்ஜினில், கிராங்க் ஒரு நொடிக்கு 100 முறை சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோலை எரிக்கும். அதாவது, ஒரு நொடியில் 50 வெடிப்பு! இத்தனைக்கும் நேரம் குறித்துக் கொடுப்பது தலைமுடி போன்ற செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்த ஒரு சின்னக் காயில். கம்பிச்சுருள் பக்கத்தில் காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது, இந்தப் பழைய 110 சிசிக்குள் நொடிக்கு நொடி நடந்துகொண்டிருக்கிறது.

இந்த மூன்றில் என்ஜின் சூடு நேராகப் படுவது அதில்தான் என்பதால், மூடியைக் கழற்றி, பல்சர் காயிலின் வயரில் மல்டிமீட்டரைப் பொருத்தினார் உதவியாளர். கையில் ஹாட் ஏர் கன். எல்லோரும் மீட்டரைச் சுற்றிக் குனிந்தோம். டெலிவரி இளைஞர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

198 ஓம். நல்ல காயில்போலத்தான் தெரிந்தது. சூடான காற்று பட ஆரம்பித்தது. 205. 214. "இது ஏறத்தான் செய்யும். செம்பு சூடானா ரெசிஸ்டன்ஸ் கூடும்" என்றார் அண்ணன். 219. 223. சட்டென்று எண்களெல்லாம் மறைந்து, திரையின் இடது ஓரத்தில் '1' மட்டும் நின்றது. கம்பி துண்டாகிவிட்டது என்று அந்த மீட்டர் சொல்கிற விதம் அது!

ஹாட் ஏர் கன்னை அணைத்து, ஓர் அட்டையால் விசிறினார்கள். சில நிமிடங்களில் மீண்டும் 217. மறுபடி சூடு காட்ட, மறுபடி '1'. ஷெட்டே கைதட்டியது!

காயிலின் உள்ளே எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி விரியும்போது விலகும். வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், என்ஜின் சூடு உடனே தணியாது. அதனால்தான் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறின வண்டியில் மீட்டர் வைத்த யாருக்கும் இது பிடிபட்டிருக்காது.

புதுக் காயில் வந்தது. மாட்டுவதற்கு முன் அதையும் சூடுகாட்டிச் சோதித்தார் அண்ணன். எண் நிதானமாக ஏறியது, மறையவில்லை. பிறகுதான் ஸ்குரூவை முடுக்கினார்.

"அந்தக் காலப் புல்லட்டுல கண்டன்சர் இப்படித்தான் சார் பண்ணும். ஜில்லுனு இருந்தா ராஜா. சூடானா ரோட்டுல நிறுத்திடும்" என்றார். புல்லட் சென்னையில் உருவாகத் தொடங்கியது 1955-இல். பாயின்ட் போய், சிடிஐ வந்து, இன்று கம்ப்யூட்டரே வந்துவிட்டது. சூட்டில் விட்டுப்போகும் கம்பியை மட்டும் இன்றைக்கும் சூடுகாட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மூடியில் ஒரு துளை!

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பளபளவென்று துடைத்த வண்டி. இவருடைய கதை நேர் எதிர்.

"வேகமாப் போனா இழுவை குறையுது தம்பி. அப்புறம் திக்கித் திக்கி நின்னுடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தா ஓடுது. மெதுவாப் போனா பிரச்சினை இல்ல."

"வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டீங்களா சார்?"

"போன வாரம் விட்டேன்."

அண்ணன் வண்டியை ஷெட்டுக்கு வெளியே, திறந்த இடத்துக்குத் தள்ளச் சொன்னார். பெட்ரோல் டேப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்தார். பெட்ரோல் கம்பியாக இறங்கியது. "நல்லாத்தானே வருது" என்றேன். "பார்த்துக்கிட்டே இருங்க." கம்பி மெலிந்தது. நூலானது. சொட்டானது. நின்றேபோனது!

பிறகு டேங்க் மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம். அந்த நொடியே பாட்டிலில் பெட்ரோல் மறுபடி கம்பியாகக் கொட்டியது! ஆசிரியர் குழந்தைபோலச் சிரித்துவிட்டார்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காமல் அடம்பிடிக்கும். எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும் இல்லையா? பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு நுண்ணிய வழி வைத்திருக்கிறார்கள். தூசியும் தண்ணீரும் சேர்ந்து அதை அடைத்தால், டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்க மறுக்கும். மெதுவாகப் போகும்போது சொட்டுச் சொட்டாக வருவதே போதும். வேகமெடுத்தால் கார்ப்பரேட்டர் கிண்ணம் காலி. மூடியைக் கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டியதோடு வேலை முடிந்தது. ஒரு பாகமும் மாற்றவில்லை!

மழைக்காலத்தில் இதே திக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு: டேங்கில் தண்ணீர். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். தண்ணீர் அளவுக்கு மீறினால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் டேப் இருப்பதும் அடியில்தானே? பாட்டிலில் பிடித்த பெட்ரோலைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால், தண்ணீர் கீழே தனி அடுக்காகத் தெரியும்.

ஹேண்டிலைத் திருப்பு, சத்தத்தைக் கேள்!

மூன்றாவது வண்டிக்கு ஆன நேரம் ரொம்பக் குறைவு. யூ டர்ன் அடிக்கும்போது மட்டும் நிற்கிறது என்றார் அதை ஓட்டிவந்த அக்கா. உதவியாளர் ஸ்டார்ட் செய்து, ஸ்லோ ஸ்பீடில் விட்டு, ஹேண்டிலை வலது கோடிக்குத் திருப்பினார். ஓடியது. இடது கோடிக்குத் திருப்பினார். ஆஃப்! சாவி ஸ்விட்ச்சிலிருந்து வரும் வயர்கள் ஹேண்டிலோடு சேர்ந்து வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே இற்றுப்போயிருந்தன. வெளியே பார்த்தால் புத்தம்புது வயர். விரலால் மடக்கினால்தான் உள்ளே அறுந்தது தெரிகிறது!

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு புது வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. "அதுல எங்களுக்கு வேலை இருக்காதுன்னு சொன்னாங்க. இப்பத்தான் காதுக்கு வேலை ஜாஸ்தி" என்று உதவியாளர் ஒரு புது வண்டியின் சாவியைப் போட்டார். டேங்குக்குள்ளிருந்து ஓரிரு நொடி 'ஸ்ஸ்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். பெட்ரோல் பம்ப் தயாராகும் சத்தம் அது. அது கேட்கவில்லை என்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ் ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பாராம். மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு அணையாமல் இருந்தால், ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எண்ணைப் படிப்பார். சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச்சில் சேறு ஏறினாலும் சில வண்டிகள், ஸ்டாண்டு இறங்கியிருப்பதாக எண்ணி என்ஜினை அணைத்துவிடும். வண்டி கீழே விழுந்தால் என்ஜினை நிறுத்தவும் தனி சென்சார் உண்டு. தூக்கி நிறுத்திய பிறகு சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் குரல் கண்டிப்பாக மாறியது. என்ஜின் அணைவது வேறு, இறுகிப்போவது வேறு. ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின் சக்கரமும் சேர்ந்து இறுகி, வண்டி சறுக்கும். "நின்னா முதல்ல கிளட்சைப் பிடி. அப்புறம் ஓரம் கட்டு. ஆயில் பார்க்காம திரும்ப உதைக்காதே." இரண்டுக்கும் பொதுவான பாடம் அந்தக் கிளட்ச்தான்!

மெக்கானிக்கிடம் போகும் முன்...

ஷெட்டில் பார்த்ததையெல்லாம் வைத்து, அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவை இவை:

* எப்படி நின்றது? பட்டென்றா, திணறித் திணறியா?
* நின்றபோது ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்தனவா? எல்லாமே செத்துப்போயிருந்தால் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், சாவி ஸ்விட்ச் பக்கம் தேட வேண்டும்.
* கில் ஸ்விட்ச்சில் தெரியாமல் கை பட்டுவிட்டதா? பெட்ரோல் ரிசர்வுக்கு வந்துவிட்டதா?
* டேங்க் மூடியைத் திறந்தபோது காற்று இழுக்கும் சத்தம் கேட்டதா? திறந்தவுடன் வண்டி எடுத்ததா?
* எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது? எவ்வளவு நேரம் ஆறிய பிறகு எடுத்தது?
* மழையிலா, மேட்டிலா, பள்ளத்தில் குதித்தபோதா, ஹேண்டிலைத் திருப்பியபோதா?
* சமீபத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்? வாட்டர் சர்வீஸ், புது ஹாரன், கூடுதல் லைட் எதுவானாலும் சொல்லுங்கள்.

ஒரு நாள் முழுக்க நின்று பார்த்ததில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இதுதான்: ஓடும்போது நிற்கிற வண்டியைச் சரிசெய்வதில் பாகம் மாற்றுவது கடைசி வேலை, கேட்பது முதல் வேலை. அந்த டெலிவரி இளைஞர் பிளக்குக்கும் சிடிஐக்கும் கொடுத்த பணத்தில் கோளாறு தீரவில்லை. 'எப்படி நின்னுச்சு?' என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான் தீர்ந்தது.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வண்டி நடுவழியில் நின்றால், பத்திரமாக ஓரம் கட்டிவிட்டு ஹாரனை அடித்துப் பாருங்கள், டேங்க் மூடியைத் திறந்து கேளுங்கள், மணியைப் பாருங்கள், எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் 'வண்டி ஆஃப் ஆகுது' என்று மட்டும் சொல்லாமல் அத்தனையையும் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அது கெட்டுப்போனதைச் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்!